நீலச் சாடியின் இடது சிறகு

சென்ற வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒஸ்லோவில், ஸ்டோவ்னருக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் பழைய பொருட்களின் சந்தை நடந்தது. வீட்டில் வேண்டாதவற்றை ஆட்கள் மேசை போட்டு விற்கும் இந்தச் சந்தையை இங்கே ‘லொப்பெமார்க்கெட்’ என்பார்கள். எங்கே நடந்தாலும் நான் போய்விடுவேன். காரணம், எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. இங்கிலாந்தில் செய்த பழைய அலங்காரச் சாடிகளையும் தட்டுகளையும் சேர்க்கிற பைத்தியம்.

கல்லைப்போல இறுகச் சுட்ட மண்ணில் செய்தவை அவை. பீங்கானைப்போல மினுங்காது. சுண்ணாம்புக் கட்டியைத் தொட்டதுபோல இருக்கும், மங்கலான ஒரு நீலம். அதன்மேல் வெள்ளையில் பெண்களும் குழந்தைகளும் திராட்சைக் கொடிகளும் புடைத்து நிற்கும். உடையின் மடிப்புகள் சில இடங்களில் அவ்வளவு மெல்லியவை. வெள்ளைக்குள்ளால் அடியிலுள்ள நீலம் தெரியும். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து, தேநீரோடு அவற்றை அடுக்கிய அலுமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்தால்தான் எனக்குக் களைப்பு ஆறும்.

என் கணவருக்கு இது பகிடி. “வெள்ளைக்காரப் பொம்பிளையளுக்குத் தூசி தட்டியே உம்மடை காலம் போகப்போகுது” என்பார். நகரத்தில் பேருந்து ஓட்டியவர், நல்ல கதைகாரர். நீரிழிவு அவருடைய கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனது. இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். பார்வையோடு வேலை போனது, பகிடியும் போனது. வெள்ளைத் தடியைக் கையால் தொடவே மாட்டார். சிநேகிதர்கள் தொலைபேசியில் அழைத்தால், “நான் நித்திரையெண்டு சொல்லும்” என்பார்.

அந்த வாரம் குளியலறையில் அவர் சறுக்கி விழுந்திருந்தார். பெரிய அடியில்லை. ஆனாலும் தனியே விட்டுப்போக எனக்கு மனமில்லை. “நீங்களும் வாங்கோ, சும்மா ஒரு நடை” என்று கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். என் முழங்கையைப் பிடித்தபடி, வேண்டா வெறுப்பாக வந்தார்.

மண்டபத்தில் நல்ல சனம். ஒரு மேசையில், அறுபது வயது தாண்டிய நோர்வேப் பெண் ஒருவர் தன் தாயின் வீட்டுச் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார். கோப்பைகளுக்கு நடுவில் நான் தேடுகிற நீலம். ஒரு சாண் உயரச் சாடி. எடுத்துப் பார்த்தேன். அடியில் தொழிற்சாலை முத்திரை இருந்தது, விளிம்பில் எங்கும் உடைவில்லை. என் மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது.

அந்த நேரம் யாரோ பின்னால் இடித்துவிட்டார்கள். தடுமாறிய கணவர் மேசையில் கையை ஊன்ற, கோப்பைகள் கடகடவென்று உருண்டன.

“ஐயோ, ஒண்டையும் தொடாதேங்கோ!” என்று கத்திவிட்டேன்.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் உடையவில்லை. கணவர் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார். அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

விற்ற பெண் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். என் கையிலிருந்த சாடியை மெதுவாக வாங்கினார். கணவரிடம் நோர்வேஜிய மொழியில், “கைகளை நீட்டுங்கள். இது தொட்டுப் பார்க்க வேண்டிய பொருள்” என்றார். கணவர் தயங்கினார். அந்தப் பெண் அவசரப்படாமல் நின்றார். கடைசியில் கைகள் பைகளை விட்டு வெளியே வந்தன. அந்தப் பெண் சாடியை அவற்றில் வைத்தார்.

விழுத்திவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ சாடியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கையின் விரல்களை அதன்மேல் மெல்ல நகர்த்தினார்.

“ஒரு பொம்பிளை இருக்கிறா. சாய்ஞ்சு இருக்கிறா, என்ன?” என்று என்னைக் கேட்டார். “முன்னாலை ஒரு சின்னப்பிள்ளை. முதுகிலை செட்டை இருக்கு.”

“ஓம்” என்றேன்.

விரல் ஓரிடத்தில் நின்றது. முன்னே போனது, திரும்பி வந்தது. “இந்தப் பக்கத்துச் செட்டை வேறை மாதிரிக் கிடக்கு. வழுக்குது. ஆரோ ஒட்டியிருக்கினம்.”

நான் உற்றுப் பார்த்தேன். இரண்டு சிறகுகளும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் அவர் அதையே அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிட்டார். விலையைக் குறைக்கக் குறை சொல்கிறோம் என்று நினைப்பாரே என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. “எந்தச் சிறகு?” என்று கேட்டார்.

இடது சிறகு என்றார் கணவர்.

அந்தப் பெண் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு சொன்னார். சிறுமியாக இருந்தபோது, வீட்டுக்குள் பந்து விளையாடி அந்தச் சிறகை உடைத்தவர் அவர்தானாம். பயத்தில் உடைந்த துண்டைக் குப்பையில் போட்டுவிட்டு, உடைந்த பக்கம் தெரியாதபடி சாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டாராம். தாய் கண்டிப்பானவர். இன்று ஏச்சு விழும், நாளை விழும் என்று காத்திருந்தாராம். தாய் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதன் பிறகு அந்தச் சாடியின் பக்கமே அவர் போனதில்லை. தாய் இளவேனிலில் இறந்துபோனார். வீட்டை ஒழித்தபோது எடுத்துப் பார்த்தால், இரண்டு சிறகுகளும் முழுதாக இருந்தன. உடைத்தது வேறு ஏதோ சாமானாக இருக்கும், சின்ன வயது ஞாபகம்தானே என்று நினைத்து விற்கக் கொண்டுவந்துவிட்டாராம்.

“அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது” என்றார். “ஆளைப் பிடித்துப் புதுச் சிறகு செய்வித்து ஒட்டுவித்திருக்கிறார். பிறகும் நான் வைத்தது மாதிரியே சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார். கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்தது.”

கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே, “எனக்குக் காட்டுவீர்களா?” என்று என் கணவரிடம் கேட்டார்.

கணவர் அவருடைய விரலைப் பிடித்து முதலில் வலது சிறகில் வைத்தார். சொரசொரப்பு. பிறகு இடது சிறகுக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடச் சொன்னார். அவசரப்படாமல் தடவச் சொன்னார். அந்தப் பெண் கண்களை மூடிக்கொண்டு தடவினார். கடைசியில், வித்தியாசம் தெரிகிறது என்று தலையை ஆட்டினார். பல மாதங்களாக நான் கைபிடித்து நடத்திய மனிதர், அந்த நிமிடம் இன்னொருவரின் கையைப் பிடித்து வழி காட்டிக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கி நின்றேன்.

சாடியை விற்க மனமில்லை, மன்னிக்க வேண்டும் என்றார் அந்தப் பெண். அதை விலைக்குக் கேட்கும் எண்ணமே எனக்கும் இல்லை. பிரியும்போது அவர் என் கணவரைக் கட்டிப்பிடித்தார்.

ரி-பானா ரயிலில் வீடு திரும்பும்போது கணவர் வாய் ஓயவில்லை. அந்தப் பெண்ணின் குரலைப் பற்றி, அந்தத் தாயின் மனத்தைப் பற்றி, இடையில் என் பைத்தியத்தைப் பற்றிய பழைய பகிடியும் ஒன்று. வீட்டுக்குள் நுழைந்ததும், “அலுமாரியிலை இருக்கிறதுகளை ஒவ்வொண்டாய் எடுத்துத் தாரும், பாப்பம்” என்றார். கம்பளத்தில் இருந்துகொண்டு ஒவ்வொன்றையும் தடவினார். ஒரு தட்டில், மரத்துக்குப் பின்னால் சின்ன நாய் ஒன்று ஒளிந்து நிற்கிறது என்றார். அந்தத் தட்டை எத்தனையோ முறை துடைத்திருக்கிறேன். அந்த நாயை அன்றுதான் கண்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அவர் யன்னலோரத்தில் பேசாமல் இருக்கும் நாட்கள் இன்னும் வருகின்றன. ஆனால் சந்தைக்குப் போகும் நாளில் எனக்கு முன்னமே சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பார். “தொடாதேங்கோ” என்று நான் கத்தியது இப்போதும் சில நேரம் என் காதில் கேட்கிறது. அப்போதெல்லாம் முன்பின் தெரியாத அந்தப் பெண் என் கணவருடைய கைகளுக்காகக் காத்து நின்றதை நினைத்துக்கொள்வேன். அவரோடு வாழும் நான், அந்தப் பொறுமையை அந்தப் பெண்ணிடமிருந்துதான் படித்தேன்.