மலையூர்த் தியேட்டரில் கழற்றி வைத்த சப்பாத்துகள்

எந்த மலையூருக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது தியேட்டரைத்தான். பனிச்சறுக்குக்கு வருகிறவர்கள் மலையை நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் கடைத்தெருவில் போஸ்டர் தேடுவேன். ஆக்லாந்து மால்களில் இருக்கிற பெரிய தியேட்டர்களில் எனக்கு ஒரு சுவாரசியமும் இல்லை. மலையூர்த் தியேட்டர் வேறு சாதி. டிக்கெட் கொடுப்பவரே கோப்பியும் போட்டுத் தருவார், பிறகு அவரே உள்ளே போய் விளக்கை அணைப்பார். ஓர் ஊரில் முன்வரிசை முழுக்க யாரோ வீடுகளிலிருந்து கொண்டுவந்து போட்ட சோபாக்கள். இன்னோர் ஊரில் என் பக்கத்து இருக்கையில் ஒரு நாய் படுத்திருந்து கடைசிவரை படம் பார்த்தது. பகல் முழுக்க மலையில் விழுந்து எழும்பியவர்கள் பிறகு இருட்டுக்குள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று அறிய எனக்குத் தீராத ஆசை. அடுத்தவன் சங்கதியை எட்டிப் பார்க்கும் இந்தக் குணத்துக்கு எங்கள் ஊரில் விடுப்பு என்று பெயர். என் மனைவி அதைச் சொல்லித்தான் என்னைத் திட்டுவாள்.

போன வருடம் ஆடி மாதம், இங்கே நல்ல குளிர்காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அக்காவையும் அப்படி ஒரு மலையூருக்கு அழைத்துப் போனேன். அக்கா தனியாக இருக்கிறா. அத்தான் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அம்மா அப்பாவும் போன பிறகு கூடப்பிறந்தவர்கள் என்று நாங்கள் இருவர்தான் மிச்சம். அவவின் விசா முடிவதற்குள், 'இங்கேயே இருந்துவிடுகிறேன்' என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பது என் திட்டம். ஆக்லாந்தில் பிளாக்ஹவுஸ் பேயில் கடற்கரை காட்டினேன். மசியவில்லை. பனியைக் காட்டினால் யார்தான் மசியமாட்டார்கள் என்று நினைத்தேன். குளிருக்கென்று கணுக்காலுக்கு மேல் ஏறும் ஒரு சோடி சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தேன். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை; ஆல்பனியில் பல்கலைக்கழகம் படிக்கிற மகள் எங்களோடு வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று மலையில் காற்று. மேலே போகும் பாதையை மூடிவிட்டார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், தியேட்டருக்குப் போகலாமே.

அந்தத் தியேட்டரில் ஒரு வழக்கம். ஈரச் சப்பாத்துகளை வாசல் மண்டபத்தில் கழற்றிவிட்டு, காலுறையோடுதான் உள்ளே போக வேண்டும். போகும்போது ஆளுக்கொரு கம்பளி தருவார்கள். சுவரோரம் நீளத்துக்குச் சப்பாத்துகள் கிடந்தன. அக்கா அதைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது.

"என்னடா தம்பி, கோயில் வாசல் மாதிரிக் கிடக்கு. ஆர் உதுகளுக்குக் காவல்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. இஞ்ச ஆரும் எடுக்க மாட்டினம்."

"ஓம், ஓம். எல்லா ஊரிலயும் உப்பிடித்தான் சொல்லுறது."

நான் டிக்கெட் எடுக்கப் போனேன். உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டிருந்த படம் நடுவில் நின்று விளக்கு எரிந்தது. இந்த ஊர்களில் இன்னும் இடைவேளை விடுகிறார்கள். வெளியே அந்தக் குளிர், உள்ளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அக்கா அவர்களை ஒவ்வொருவராகத் திரும்பித் திரும்பிப் பார்த்தா. படத்தை அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கவில்லை. விடுப்புக் குணம் என் குடும்பத்துச் சொத்து என்று அப்போது தெரிந்தது.

படம் முடிந்து வெளியே வந்தால், எங்கள் மூவருக்கும் இடது கால் சப்பாத்து மட்டும் இருக்கிறது. வலது கால்கள் இல்லை.

"நான் அப்பவே சொன்னனான்!" அக்காவின் குரலில் கவலையைவிட வெற்றிதான் கூட.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நான் டிக்கெட் எடுத்த நேரத்தில் அக்கா மூன்று சோடிகளையும் பிரித்து, இடதுகளைச் சுவரோரத்திலும் வலதுகளைக் குடை வைக்கிற பெட்டிக்குப் பின்னாலும் வைத்திருக்கிறா. கோயில் திருவிழாவில் எங்கள் ஆட்கள் செய்கிற வேலை. ஒற்றைச் செருப்பை யார் திருடுவான்? நல்ல யோசனைதான், வாசலைக் கூட்டுகிற பழக்கமில்லாத ஊரில். தியேட்டர்காரப் பெண்மணி படம் ஓடும் நேரத்தில் வாசலைக் கூட்டியிருக்கிறார். குடைப்பெட்டிக்குப் பின்னால் மூன்று ஒற்றைச் சப்பாத்துகள் கிடைத்தால் அவர் என்ன நினைப்பார்?

காலுறையோடு நின்று அந்தப் பெண்ணுக்கு இதை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். மகள் எங்களை யாரென்றே தெரியாததுபோல் போஸ்டர் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உள்ளே போய், ஹீட்டருக்குப் பக்கத்தில் காய வைத்திருந்த மூன்றையும் கொண்டுவந்தார். இடது கால் குளிர்ந்தும் வலது கால் சுட்டுக்கொண்டும் தெருவில் இறங்கினோம்.

"சூடாக்கித் தந்திருக்கினம்," என்றா அக்கா. "நல்ல சனம்."

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் காற்று அடங்கிப் பாதை திறந்தது. சறுக்குகிற இடத்தில் அக்கா வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. சனம் வரிசையில் நின்று, தானாக ஓடும் ரப்பர் பட்டையில் ஏறி மேலே போவதும், சறுக்கிக் கீழே வருவதும், திரும்ப ஏறுவதும். பிறகு கேட்டா:

"இறங்கிறதுக்காகத்தானோ உவை உவ்வளவு பாடுபட்டு ஏறினம்?"

வருடக் கணக்காக எனக்கும் அதே சந்தேகம். பதில் அறியும் ஆவலில் வாடகைச் சறுக்குக்கட்டைகளை மாட்டி இறங்கிப் பார்த்தேன். பாதி வழியில் குப்புற விழுந்தேன்; ஒரு சின்னப் பிள்ளை என்னைச் சுற்றிக்கொண்டு போனது. பதில் கிடைக்கவில்லை. மகள் அக்காவைப் பிளாஸ்டிக் தட்டில் உட்கார வைத்துப் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். அக்கா "ஐயோ முருகா" என்று கத்திக்கொண்டு போய், அடியில் எழும்பி நின்று, பனியைத் தட்டிவிட்டு, தட்டைத் தானே இழுத்துக்கொண்டு மேலே வந்தா. "இன்னொருக்கா," என்றா. அதற்குப் பிறகு அவவை நிறுத்தவே முடியவில்லை.

இதுதான் நேரம் என்று நினைத்தேன். வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கொண்டுபோன மரக்கறி ரோல்ஸைக் கொடுத்து, ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"அக்கா, எங்களோடயே இருங்கோவன். விசாவுக்கு நான் ஒரு வழி பாக்கிறன்."

அவ ரோல்ஸைக் கடித்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டா.

"இல்லையடா தம்பி. கோயில் கொடியேறுறதுக்கு முன்னம் நான் போகோணும்."

"கொடி ஒவ்வொரு வருசமும்தான் ஏறுது."

"இஞ்ச எல்லாம் வடிவாத்தான் கிடக்கு. நீயும் ஒரு குறை விடேல்லை. ஆனா நான் இஞ்ச வேடிக்கை பாக்கிற ஆள் மட்டும்தான். அங்க என்ர கேற்றைத் திறந்துகொண்டு ஆராவது வந்துகொண்டே இருப்பினம். இஞ்ச நீங்கள் வேலையால வரும் வரைக்கும் நான் ஜன்னலோட நிக்கிறன்."

"அப்ப எனக்கு ஆர் இருக்கினம்?"

கேட்ட பிறகுதான் மகள் பக்கத்தில் நிற்பது உறைத்தது. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எனக்குக் கோபம், யார்மேல் என்று தெரியாத கோபம். ஆக்லாந்து திரும்பும் வழியெல்லாம் ரோட்டை முறைத்துக்கொண்டே காரோட்டினேன். பாபகூரா தாண்டும்போது மகள்தான் அக்காவுக்குப் பரிந்து ஆங்கிலத்தில் சொன்னாள், மாமியைத் தன்பாட்டில் விடுங்கள், அவவுக்குத் தன் வாழ்க்கை அங்கேதான் என்று. உனக்கு என்ன தெரியும் என்று சீறினேன். அவளுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் எரிச்சல்.

விமான நிலையத்தில் அக்கா என் தலையைத் தடவிவிட்டுப் போனா. நான் முகத்தை நீட்டிக்கொண்டே வழியனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு வாசலைக் கூட்டும்போது, சப்பாத்துத் தட்டின் அடியில் அக்காவின் அந்தக் குளிர்ச் சப்பாத்து இருந்தது. இடது கால் மட்டும். மற்றதைத் தேடி கராஜ் வரைக்கும் போய்ப் பார்த்தேன். இல்லை. உடனே போன் எடுத்தேன்.

"அக்கா, ஒரு சப்பாத்தை மறந்து விட்டுட்டுப் போட்டீங்கள்."

"மறக்கேல்லை. வச்சிட்டு வந்தனான்."

"மற்றது?"

"இஞ்ச என்ர அலுமாரிக்குள்ள கிடக்கு. ஒத்தைச் சப்பாத்தை ஒருத்தரும் எடுக்க மாட்டினம். வாசல் கூட்டேக்க எறிஞ்சு போடாதை."

சப்பாத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தியேட்டரில் சூடாக்கித் தந்ததுபோல ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கவோ என்று கேட்டேன்.

"இப்ப ஏன்?" என்றா அக்கா. "நான் திரும்பி வரேக்க வை."