மண்ணுக்குச் சுண்ணாம்பு

ஜமுனாமரத்தூர் பக்கம் சாமை குத்தும் மில்லில் வேலை செய்கிறார் செந்தாமரை. அவர் வீடு நிற்பது களிமண்ணில். மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் அந்த மண்ணால் கோடைதோறும் சுவர் விரிசல் விடும். களிமண்ணைத் தோண்டிவிட்டு, மலையை வெட்டிக் கிராவல் மண் கொண்டுவந்து கொட்டச் சொன்னார் கொத்தனார். மலையை வெட்டச் செந்தாமரைக்கு மனசில்லை.

மில்லுக்குப் பின்னால் உமிச்சாம்பல் கொட்டுவார்கள். வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பும் ஒருமுறை அங்கேதான் கவிழ்ந்தது. அதன்பிறகு அடைமழையிலும் அந்த இடத்தில் மட்டும் கால் புதையவில்லை. அதே களிமண்தானே, ஏன்?

வெறும் மண்ணில் ஓர் உருண்டை, சாம்பல் கலந்து ஒன்று, சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து ஒன்று என்று பிடித்து ஈரச்சாக்கில் மூடிவைத்தார்.

"இன்னா, மண்ணுக்கு வெத்தல மடிக்கிறியா?" என்றார் கணவர் கோபால்சாமி.

"சுண்ணாம்பு போட்டா வாய் செவக்குது. மண்ணு இன்னா ஆவுதுன்னு பாக்கறேன்."

சில வாரம் கழித்துக் காயவைத்துத் தண்ணீரில் போட்டார். முதல் இரண்டும் கரைந்தன. மூன்றாவது அப்படியே கிடந்தது.

"அப்போ கொத்தனார கூட்டினு வரட்டா?"

"இருய்யா. மொதல்ல கோழிக்கு ஒரு வூடு கட்டிப் பாப்போம்."

தரை மண்ணில் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்து இறுக்கி, மேலே சுவர் வைத்துக் கோழிக்கூண்டு கட்டினார்கள். அடுத்த கோடையில் வீட்டுச் சுவர் வழக்கம்போல் விரிசல் விட்டது. கூண்டுச் சுவரில் நகம் நுழையவும் இடமில்லை. கோபால்சாமி வீட்டை இடிக்கக் கடப்பாரை தேடினார்.