ஹாப்வுட் துரையின் தாடி

லண்டனில் நாவிதனாக இருந்த டிப்பெட், கடிகாரம் திருடி மாட்டிக்கொண்டு, கைதியாகக் கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே வான் டீமன் தீவுக்கு வந்தவன். சர்க்கார் அவனை ஹாப்வுட் துரையின் ஆட்டுப் பண்ணைக்கு வேலைக்காரனாகக் கொடுத்திருந்தது.

எதிர்த்துப் பேசினான் என்று வெள்ளிக்கிழமை துரை அவனை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பினார். சாட்டையடி பட்டு, முதுகு உழுத வயலாகத் திரும்பி வந்தான். ஞாயிறு காலை அதே துரைக்கு அவன்தான் சவரம் செய்ய வேண்டும். அந்தக் காட்டில் வேறு நாவிதனைத் தேடினால் கங்காருதான் கிடைக்கும்.

ஒரு கீறல் விழுந்தாலும் மறுபடி சாட்டைதான் என்று டிப்பெட்டுக்குக் கை நடுங்கியது. துரை நடுங்கிய நடுக்கத்தில் நாற்காலியே வாசல்வரை நகர்ந்துவிட்டது. போர்த்திய துணிக்கடியில் அவருடைய கைத்துப்பாக்கி டிப்பெட்டின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கழுத்துகிட்ட மெதுவாடா!"

"ஆடாம இருங்க துரை."

"நான் எங்கடா ஆடுறேன்? நீதான் ஆடுற!"

"ரெண்டு பேரும்தான் ஆடுறோம். துப்பாக்கியும் ஆடுது. அதையாவது கீழ வைங்க துரை, புண்ணியமாப் போகும்."

அப்போது துரையின் மனைவி உள்ளேயிருந்து கத்தினாள்: "கோயில் மணி அடிச்சாச்சு! இன்னுமா முடியல?"

துரை திடுக்கிட்டுத் துள்ளினார். கழுத்தில் படுவதற்குள் டிப்பெட் கத்தியைச் சன்னல் வழியாக வீசிவிட்டான்.

"எடுத்துட்டு வரட்டுமா துரை?"

"வேணாம்டா. அங்கேயே கெடக்கட்டும்."

பாதி முகத்தோடு கோயிலுக்குப் போன துரை, அன்றிலிருந்து தாடி வளர்த்தார். ஆட்டுக்குட்டிகள் தங்கள் தாத்தா என்று நினைத்துப் பின்னால் வரும் அளவுக்கு அது வளர்ந்தது. ஆனாலும் அவர் தாடியைச் சொறியும்போதெல்லாம் டிப்பெட் ஆடுகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். அரிப்புத் தாங்காமல் நாளைக்கே எடுத்துவிடச் சொன்னால்?