மூடாத கூரைக் கதவு

1960களில் பல்லடத்தில் கார் மெக்கானிக்காக இருந்தவர் நூருல்லா. பனியன் கம்பெனி முதலாளி அய்யாசாமியின் வெளிநாட்டுக் காரில், காற்றுக்காக மேலே திறக்கும் கூரைக் கதவு விரலளவு மூடாமல் நின்றது. இடுக்கில் ரப்பரைத் திணித்து, "சரியாயிருச்சுங்க" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் அந்தக் காரில்தான் முதலாளியின் மகள் மருதாள் கல்யாண மண்டபத்துக்குப் போனாள். வழியில் மழை கொட்டியது. நனைந்த கூறைப்புடவையோடு தாலி கட்டிக்கொண்டாள்.

பந்தியில் நூருல்லாவைப் பார்த்தவள், "கார் பழசு, நீங்க என்னங்க பண்ணுவீங்க? நல்லாச் சாப்பிடுங்க" என்றாள். அவர் பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தார்.

காரைக் கேட்டு வாங்கிவந்து, வளைந்திருந்த சட்டத்தை நிமிர்த்திப் பொருத்தினார். பிறகு உள்ளே உட்கார்ந்துகொண்டு, மனைவி முனவர் பேகத்தைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

"ஒரு சொட்டுக்கூட எறங்கலீங்களே, வெளிய வாங்க" என்றாள் அவள்.

அன்றைக்கே இதைச் செய்திருக்கலாமே என்று, வெளியே வந்து முகம் காட்ட அவருக்குக் கூசியது.