அரம் படாத முள்

சேவல் ஒன்று, கோழி ஐந்து. கோழி வளர்க்கிற யாரைக் கேட்டாலும் இது சரிப்படாது என்பார்கள். பத்துக் கோழிக்கு ஒரு சேவல் என்றால் அதன் தொல்லை பத்து முதுகுக்கும் பங்கு பிரியும். எங்கள் வீட்டில் இருந்ததோ ஐந்து முதுகு. அதிலும் அந்தச் சேவலுக்கு வெள்ளைக் கோழி மேல்தான் கண்.

பாலகாட்டில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால், துருப்பிடித்த தகடுகளை நிறுத்தி அடைத்த சின்ன இடம். காலையில் பஞ்சாரக் கூடையைத் தூக்கியதும் சேவல் ஒரு இறக்கையைத் தரையில் தேய்த்துக்கொண்டு வெள்ளைக் கோழியைச் சுற்றி வரும். அது ஓடும். ஓடினால் விட்டுவிடுமா? கழுத்து இறகைக் கொத்திப் பிடித்து முதுகில் ஏறி நிற்கும். சேவல் என்றால் அப்படித்தான் என்று நானும் முதலில் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அந்தப் பங்குனியில் அதன் காலுக்குப் பின்னால் முளைக்கிற முள் நன்றாக நீண்டு கூராகிவிட்டது. ஏறி இறங்கும்போதெல்லாம் கோழியின் விலாவைக் கிழித்தது. முதுகில் இறகெல்லாம் போய், தோல் செக்கச் செவேலென்று தெரிந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசுவேன். மறுநாள் அதே இடத்தில் மறுபடி ரத்தம்.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய் வாட்ச்மேன் வேலை பார்த்தார். கடைசியில் நெஞ்சு ஒத்துழைக்காமல் வீட்டோடு உட்கார்ந்தார். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். பின்வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் அவருக்கு உலகம். வெள்ளைக் கோழி வந்து அவர் காலடியில் படுத்துக்கொள்ளும். அது சேவலுக்குப் பயந்து வருகிறதா, அவர் மேல் பிரியத்தில் வருகிறதா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

அவர்தான் முதலில் வழி கண்டுபிடித்தார். "இவனுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் உள்ள. பொம்பளைங்க வெளிய. பத்து மணிக்கு சங்கு ஊதுனா இவன் வெளிய வரட்டும், வெள்ளச்சி உள்ள போவட்டும்" என்றார். பத்து மணிக்கு வாயாலேயே சுரங்கத்துச் சங்கு மாதிரி ஊதுவார். ஊதி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும். நான் போய்ப் பஞ்சாரத்தைத் தூக்கி மாற்றிவிடுவேன்.

என் பங்குக்கு நான் வெள்ளைக் கோழிக்கு ஜாக்கெட் தைத்தேன். கார்மென்ட்ஸில் பதினோரு வருஷம் காலர் தைத்த கை. கெட்டிச் சட்டைத் துணியில் முதுகை மூடுகிற மாதிரி வெட்டி, இறக்கைக்கு அடியில் எலாஸ்டிக் வைத்தேன்.

"இன்னாக்கா, கோழிக்கு ஜாக்கெட்டு மட்டுந்தானா, பாவாட இல்லியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

"உனுக்குத் தெச்சி மிஞ்சுன துணிடி, அவ்ளோதான் வந்துச்சி" என்றேன்.

ஒரு வாரம் தாங்கியது. பிறகு முள் துணியையும் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. கோழி தீனி எடுக்கவில்லை. அவர் மடியில் வைத்துக்கொண்டு சோற்றுப் பருக்கையை ஒவ்வொன்றாக ஊட்டினார்.

"முள்ள அராவிட்டா போச்சி. அந்த அரத்த எட்த்துக்கினு வா. கால் மணி நேர வேல" என்றார்.

"ரத்தம் வரும்ங்க."

"நுனியில ஏதுடி ரத்தம்? நகம் மாதிரிதான். மொன மழுங்குனா போதும்."

"நொண்டியாப் பூடும்."

"அப்ப யாருக்குனா குட்த்துடு."

"வேணாம்."

"அறுத்துக் கொழம்பு வையி."

"வேணாம்ங்க."

அவர் என்னையே பார்த்தார். "இன்னா பண்ணி வெச்சிக்கீற?" என்றார்.

பண்ணி வைத்திருந்தது இதுதான். அதற்கு முந்தைய ஆவணியில் மூச்சு முட்டி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அப்போதுதான் கொண்டை சிவந்துகொண்டிருந்த அந்தச் சேவலை மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டேன். அவர் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டால் அடுத்த ஆடியில் கூழ் ஊற்றும் நாளன்று அதை அறுப்பதாக வேண்டுதல். எங்கள் வீட்டு வழக்கத்தில் நேர்ந்துவிட்ட சேவலை விற்கவோ கொடுக்கவோ கூடாது. கொண்டை, வால், முள் என்று எதிலும் குறை இருக்கக் கூடாது. அரம் பட்ட முள்ளோடு அம்மன் முன்னால் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

அவர் வீடு அப்பா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறிய வீடு. எங்கள் கூடத்தில் புத்தர் படம், அடுப்படியில் மாரியம்மன் படம். இத்தனை வருஷத்தில் அதற்காக ஒரு சண்டை வந்ததில்லை. கல்யாணத்தின்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நீ எத வேணா கும்புடு. என் பேர்ல மட்டும் எந்த உசுரையும் வேண்டிக்காத." நானும் சரியென்று தலையாட்டினேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் கத்தவில்லை. கத்த அவரிடம் மூச்சு ஏது? நான்தான் கத்தினேன். "ஞாயித்துக்கெழம கறிக்கடையில வாங்கித் துன்றீங்களே, அந்தக் கோழி தானாத் தூக்கு மாட்டிக்கினு செத்துச்சா?"

"அது என் வாய்க்கு செத்துச்சி. இது என் மூச்சுக்கு சாவப் போவுது" என்றார். எனக்கு அது வீம்பாகப் பட்டது. ஆடிக்கு மூன்றே மாதம்தான், அதுவரை ஒரு கோழி பொறுத்துக்கொண்டால் என்ன என்று நினைத்தேன். கோழி முதுகு கிழிந்தால் இறகு முளைக்கும், இவர் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? இப்படி நினைத்ததற்கு அன்று எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

சித்திரையில் ஒருநாள் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பினேன். பின்வாசலில் அவர் நாற்காலியில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். கீழே அரம் கிடந்தது. துண்டில் வெள்ளைத் தூள். சேவல் ஒன்றும் நடக்காதது மாதிரி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு காலிலும் முள் மொட்டையாக இருந்தது.

கையிலிருந்த அரிசிப் பையைப் போட்டுவிட்டேன். "உன் உசுருக்குத்தான அத வுட்டிருந்தேன்! நீயே அராவிட்டியே! இனிமே உனுக்கு எதுனா ஆனா என்னக் கேக்காத" என்றேன். அவரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் வெகு நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "அது முதுவக் கிழிச்சி எனுக்கு மூச்சு வரணுமா? வேணாம்டி" என்றார்.

அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். சோறு போடுவேன், மாத்திரை எடுத்து வைப்பேன், வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். வார்த்தை மட்டும் கிடையாது. அவர் என் காதில் விழுகிற மாதிரி கோழியிடம் பேசுவார். "அவளுக்கு உன் மேல கோவமில்ல வெள்ளச்சி, என் மேலதான்" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அவராக வந்து ஒரு வார்த்தை தப்பென்று சொல்லட்டும் என்று இருந்தேன். வைகாசி முடிவதற்குள், பகல் சாப்பாட்டுக்கு எழுப்பப் போனபோது, அவர் நாற்காலியிலேயே போயிருந்தார். எழுப்பக்கூட நான் வாயைத் திறக்கவில்லை. தோளைத்தான் தட்டினேன்.

காரியத்துக்கு வந்த என் அக்கா, "சாமி சேவல்ல கை வெச்சா சும்மா வுடுமா?" என்றாள். கல்தூசி தின்ற நெஞ்சு, அதிக நாள் தாங்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு அதுவும் தெரியும். இருந்தும் அக்கா சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை. பழி போட ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது, அது செத்தவரே ஆனாலும் சரி. இதை எழுதவே கை கூசுகிறது.

ஆடி வந்தது. கூழ் ஊற்றினார்கள். சேவலை நான் கொண்டுபோகவில்லை. யார் உயிருக்கென்று கொண்டுபோவது? வெள்ளைக் கோழிக்கு அதற்குள் முதுகு மூடி இறகு முளைத்துவிட்டது. ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டேன். சேவல் கூப்பிட்டால் இப்போது அதுவும் மற்றதுகளோடு தீனிக்கு ஓடுகிறது.

கார்த்திகையில் பார்த்தேன், முள் மறுபடி கூராகிக்கொண்டு வந்தது. அவருடைய பெட்டியைத் திறந்து அரத்தை எடுத்தேன். சேவலை அக்குளில் இடுக்கி, தலையில் துண்டைப் போட்டு மூடினேன். கண் மறைந்ததும் அது அடங்கிவிட்டது. அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து நுனியை மட்டும் தேய்த்தேன். ரத்தம் வரவில்லை. முடித்து இறக்கிவிட்டேன். நொண்டாமல் நடந்து போனது.

எழுந்து உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. இந்த வேலைக்காகத்தான் அந்த மனுஷனிடம் முப்பத்தெட்டு நாள் பேசாமல் இருந்தேன்.