மான் வேட்டை முடியட்டும்

எங்கள் வடக்கு விஸ்கான்சினில் நவம்பர் வந்துவிட்டால் யாரிடமும் ஒரு வேலை வாங்க முடியாது. கூரை ஒழுகினாலும் பல் வலித்தாலும் ஒரே பதில்தான்: "மான் வேட்டை முடியட்டும்." வெர்லின் கோஸ்டெக்கி தன் உயிலுக்கும் அதையே சொன்னான்.

வெர்லின் என்னோடு பள்ளியில் படித்தவன். காகித ஆலையில் நாற்பது வருடம் உழைத்தவனுக்குக் காகிதத்தில் கையெழுத்துப் போட மட்டும் கை வராது. மனைவி இனெஸைப் பிரிந்து பதினாறு வருடமாகியும் விவாகரத்து வாங்கவில்லை. அவளுக்குச் சிறுநீரகக் கோளாறு. விவாகரத்தானால் ஆலையின் மருத்துவக் காப்பீடு அவளுக்கு இல்லாமல் போய்விடும். அறுபத்தைந்து வயதில் அரசாங்கக் காப்பீடு வரும், அதுவரை இருக்கட்டும் என்றான். நல்ல மனசுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இனெஸுக்கு அறுபத்தெட்டும் ஆகிவிட்டது, இவன் அசையவில்லை.

ஏரிக்கரை வீட்டில் அவனோடு பன்னிரண்டு வருடமாகக் குடும்பம் நடத்தியவள் மார்லிஸ். தன் சொந்த வீட்டை விற்று அந்த வீட்டுக்குக் கூரை மாற்றினாள். பத்திரத்தில் வெர்லின் பெயர் மட்டும்தான். உயில் இல்லாமல் அவன் கண்ணை மூடினால், சட்டப்படி மனைவியான இனெஸுக்கு வீடு. மார்லிஸுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது.

அந்த அக்டோபரில் வெர்லினுக்கு இரண்டு முறை தலை சுற்றியது. இரண்டாவது முறை, வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், தட்டோடு சாய்ந்தான். மான் சுட உட்காரும் மரத்துப் பரணில் ஏறவே கூடாது என்றார் டாக்டர். அதற்குப் பிறகுதான் பயந்துபோய் வக்கீலிடம் உயில் எழுதி வாங்கினான். வாங்கியதை சாட்சிக் கையெழுத்தில்லாமல் வீட்டிலேயே வைத்திருந்தான்.

வேட்டை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு அவனும் மார்லிஸும் வந்தார்கள்.

"டோரீன், சாட்சிக் கையெழுத்துப் போடு. சீக்கிரம், இன்னும் துப்பாக்கி துடைக்கல."

"சாட்சி ரெண்டு பேர் வேணும்யா. நான் ஒருத்தி. இன்னொருத்தர் எங்க?"

"இதோ நிக்கிறாளே மார்லிஸ்."

"வீடு வாங்கிக்கப் போறவளே சாட்சியா? நல்லா இருக்கு உன் புத்தி."

நூலகத்தில் ஈ காக்கை இல்லை. ஊர் ஆண்கள் பாதிப்பேர் காட்டுக் குடிசைகளுக்குப் போய்விட்டார்கள். மார்லிஸ் மெதுவாகக் கேட்டாள்: "வேற யாரையாவது கூப்பிட முடியாதா, டோரீன்?"

"யாரு இருக்கா?" என்றேன்.

வெர்லின் சிரித்தான். "ஒன்பது நாள்தானே, மான் வேட்டை முடியட்டும். ஓடியா போறேன்?"

மார்லிஸ் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை விடியலில் துப்பாக்கிச் சத்தம் தொடங்கியது. வெர்லின் பரணிருந்த பக்கத்திலிருந்து மட்டும் ஒரு வெடிகூடக் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். இருட்டும் நேரத்தில் கண்டுபிடித்தார்கள். மரத்தின் மேலேயே இதயம் நின்றிருந்தது. மரத்தோடு கட்டியிருந்த இடுப்புப் பட்டை அவனை விழவிடாமல் பிடித்திருந்தது. துப்பாக்கி மடியில்.

சவ அடக்கத்தில் முன்வரிசையில் இனெஸ் உட்கார்ந்தாள். பாதிரியார் அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். மார்லிஸ் கடைசி வரிசையில், என் பக்கத்தில். ஜனவரிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி இனெஸின் வக்கீலிடமிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது.

மறுநாள் மார்லிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தாள், வெர்லினின் ஆரஞ்சு வேட்டைச் சட்டையைப் போட்டுக்கொண்டு. அதன் பையிலிருந்து உயிலை எடுத்து மேசையில் வைத்தாள். வெர்லின் தன் கையெழுத்தைப் போட்டிருந்தான். சாட்சிகளுக்கான இரண்டு கோடுகளும் வெறுமையாக இருந்தன. முதல் கோட்டின் ஓரத்தில் பென்சிலில் 'டோரீன்' என்று எழுதியிருந்தான்.

"நீயும் கென்னும் போடுங்க. வியாழக்கிழமைத் தேதியப் போடுங்க. யாருக்குத் தெரியும்?"

என் கணவன் கென் பேனாவைத் தேடி எடுத்தான். "அவன் மனசு என்னன்னு நமக்குத் தெரியாதா? கொடு, போடறேன்."

"அவன் போட்டப்ப நாம பாக்கலையே. கோர்ட்ல கைய வெச்சு சத்தியம் பண்ணணும். என்னால முடியாது, மார்லிஸ்."

அவள் கெஞ்சவில்லை. கென்னைப் பார்த்துக் கேட்டாள்: "அந்த வியாழக்கிழமை நீ எங்க இருந்த? உங்க காட்டுக் குடிசையிலயா?"

"இல்லையே, இங்கதான்," என்றான் அந்த அப்பாவி. "வண்டியில சாமான் ஏத்திட்டிருந்தேன்."

நூலகம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். அன்று அவனைக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான், ராத்திரி முழுக்க முணுமுணுத்திருப்பான். அந்த முணுமுணுப்பைக் கேட்கச் சலித்துக்கொண்டுதான் யாருமில்லை என்பதுபோலச் சொன்னேன்.

மார்லிஸ் என்னைப் பார்த்தாள். பிறகு உயிலை மடித்துப் பையில் வைத்து, ஆரஞ்சுச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். கென் இன்னும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.