கரிவண்டியின் ஏழாவது விதி

“...அதான் எசமான், எனக்குப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. படிச்சுக் காட்டினப்புறம் வைக்கிறேன்.”

இப்படிச் சொன்னவர் எங்கள் போலீஸ் லாரியின் டிரைவர். அரியலூர் ஸ்டேஷன் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். வலது கை விரல்நுனியிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. முகத்தில் அந்தப் பக்கத்துத் தோல் உரிந்து புதுத்தோல் பளபளத்தது. மேசைக்குப் பின்னால் திருச்சியிலிருந்து விசாரணைக்கு வந்த டிப்டி சூப்ரண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் எங்கள் இன்ஸ்பெக்டர். ஓரத்தில் பேனாவோடு நான், ஸ்டேஷன் ரைட்டர்.

மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. டிரைவர் கொடுத்த வாக்குமூலம் என்று அதற்குப் பெயர். முழுக்க இங்கிலீஷ். அதில் ஒரு சொல்லைக்கூட அவர் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் சொன்னார், நான் எழுதினேன். அதில் டிரைவர் தன் இடது கைப் பெருவிரலை அழுத்திவிட்டால் குற்றம் அவருடையது, வேலை போய்விடும், வெந்த கைக்கு ஒரு உதவியும் கிடைக்காது. அழுத்த மாட்டேன் என்றால் அதிகாரியின் உத்தரவை மீறியவர் என்று வேறொரு தாள் எழுதுவார்கள். அதையும் நான்தான் எழுத வேண்டும். முப்பது வருஷம் போய்விட்டது. இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

யுத்த காலம் அது. பெட்ரோலுக்குச் சீட்டு வந்து, பிறகு சீட்டுக்கும் பெட்ரோல் இல்லாமல் போய், பஸ்ஸெல்லாம் மரக்கரியில் ஓடத் தொடங்கியிருந்தது. எங்கள் லாரிக்கும் பின்பக்கம் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயை மாட்டிவிட்டார்கள். கீழே நெருப்பு, மேலே மூடி. மூடியைத் திறந்து கரியைக் கொட்ட வேண்டும். கரி புகைந்து வருகிற வாயு குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். காலையில் வண்டியைக் கிளப்ப ஒருவர் அரைமணி நேரம் அந்த நெருப்புக்குக் காற்று ஊதும் விசிறியைச் சுற்ற வேண்டும். சுற்றுகிறவருக்குத் தலை கிறுகிறுத்து வாந்தி வரும். சந்தையில் கத்தரிக்காய் விற்கிற அம்மாள் ஒருத்தி இந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவாள்: “போலீசு வருதுன்னு திருடனுக்கு மூணு மைலுக்கு முன்னாடியே பொகை சொல்லிப்புடும்.” நாங்களும் சிரிப்போம். சிரித்துக்கொண்டே அந்தப் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவோம்.

டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். செட்டிகுளத்துப் பக்கம். போலீசுக்கு வருமுன் பஸ் ஓட்டியவர். எஞ்சின் இருமினாலே எங்கே நோவு என்று சொல்லிவிடுவார். அவருக்கு எழுத்து மட்டும் தெரியாது. சம்பளத் தேதியில் எல்லாரும் கையெழுத்துப் போடும்போது அவர் பெருவிரலை நீட்டுவார். சின்னப் பையன்களான கான்ஸ்டபிள்கள், “அண்ணன் வெரல நீட்டிட்டாரு, மையக் கொண்டாங்கடா” என்று கேலி பண்ணுவார்கள். அவருக்குக் காது சிவக்கும். ஒருநாள் தனியாக வந்து, “தம்பி, எம்பேர மட்டும் எழுதக் கத்துக் குடு. மத்த எழுத்தெல்லாம் எனக்கு வாணாம்” என்றார்.

நானும் பெரிய படிப்பாளி இல்லை. ஐந்தாவதோடு நிறுத்தியவன். இங்கிலீஷ் எல்லாம் கோர்ட்டுக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கற்றதுதான். கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. பழைய பதிவேட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினேன். நாலைந்து ஞாயிற்றுக்கிழமையில் பிடித்துக்கொண்டார். பிறகு லாரியின் மட்கார்டில் சாக்குக்கட்டியால் தன் பேரை எழுதி, தள்ளி நின்று பார்த்துக்கொள்வார். அடுத்த சம்பளத் தேதியில் அவர் கையெழுத்துப் போட்டபோது ஸ்டேஷனே வேடிக்கை பார்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆபீஸ் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கைநாட்டு வைக்கிறவரிடம் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முதலில் அதைப் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டினேன், புரிந்துகொண்டு ரேகை வைத்தார் என்று கீழே எழுதி, படித்தவர் தன் பேரையும் போட வேண்டும். கையெழுத்துப் போடுகிறவருக்கு அது கிடையாது. போட்டாலே படித்தவர் என்று கணக்கு.

கரிவண்டி வந்து இரண்டு மாதம் கழித்துத் திருச்சியிலிருந்து ஓர் அச்சுத்தாள் வந்தது. விபத்து வராமல் வண்டியை நடத்துவதற்குப் பன்னிரண்டு விதிகள், எல்லாம் இங்கிலீஷில். டிரைவர் படித்துப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்து வாங்கி அன்றைக்கே திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு. ஏழாவது விதி இது: கரி போட மூடியைத் திறக்குமுன் எஞ்சினை நிறுத்திக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும், தோல் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் உள்ளே இருக்கிற வாயுவில் காற்றுப் பட்டு நெருப்பு வெளியே பாயும் என்று காரணமும் போட்டிருந்தார்கள்.

நான் படித்தேன். எனக்குப் புரிந்தது. கையுறை எங்கள் ஸ்டேஷனுக்கு வரவேயில்லை என்பதும் தெரியும். கேட்டு இரண்டு முறை எழுதியிருந்தேன். கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. தபால் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று டிரைவரைக் கூப்பிட்டுத் தாளை நீட்டினேன். “என்ன தம்பி இது?” என்றார். “வண்டி விஷயம்ணே, போடுங்க” என்றேன். அவர் உட்கார்ந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, கடைசி எழுத்துக்கு ஒரு சுழியும் சுழித்து, ஆசையாகப் போட்டார். பன்னிரண்டு விதியையும் தமிழில் சொல்லப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டரைத் திட்டுகிற வாயால் என்னையும் திட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அது நடந்தது ஒரு வைகாசிக் காலை. பெரம்பலூர் சப்ஜெயிலிலிருந்து மூன்று கைதிகளை ஏற்றிக்கொண்டு அரியலூர் கோர்ட்டில் பதினோரு மணிக்கு நிறுத்த வேண்டும். முன்னால் இன்ஸ்பெக்டரும் டிரைவரும். பின்னால் கைதிகள், இரண்டு கான்ஸ்டபிள்கள், கேஸ் கட்டுகளோடு நான். மருதையாறு தாண்டியதும் ஒரு மேடு. பாதி மேட்டில் வண்டிக்கு இழுவை போய்விட்டது. டிரைவர் இறங்கிப் பின்னால் வந்து பீப்பாயைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். “கரி தீர்ந்துடுச்சுங்க. கொஞ்சம் ஆற வுட்டுப் போட்டாத் தேவலை” என்றார். விதி தெரியாவிட்டாலும் அவருக்கு வண்டி தெரியும்.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து கடிகாரத்தைப் பார்த்தார். “மாஜிஸ்திரேட்டு உனக்காக ஆறிக்கிட்டு உக்காந்திருப்பாரா? தெறடா” என்றார். டிரைவர் இன்னொரு முறை தயங்கினார். “தெறங்கிறேன்ல.” இந்த வார்த்தையை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்.

டிரைவர் ஈரச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு பின்பக்கத்துப் படியில் ஏறி மூடியைத் தளர்த்தினார். பொத்தென்று ஒரு சத்தம். மஞ்சளாக ஒரு நாக்கு எழும்பி அவர் கையையும் முகத்தையும் நக்கிவிட்டுப் போனது. படியிலிருந்து விழுந்தார். சட்டைக்கை எரிந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் எப்போது அவ்வளவு தூரம் ஓடினார் என்று எனக்குத் தெரியாது, புளியமரத்தடியில் நின்றார். நாங்கள் மூன்று போலீசும் மரம்போல நின்றோம். கோழி திருடிப் பிடிபட்ட கைதி ஒருவன்தான் விலங்கு போட்ட இரண்டு கையாலும் குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு குதித்து அவர்மேல் கவிழ்த்தான். அப்புறம் புளியமரத்தைப் பார்த்து, “எசமான், வாங்க, அணைஞ்சிருச்சு” என்றான். அதற்காக அன்று சாயந்திரம் அவனுக்கு இரண்டு அறை விழுந்தது.

அரியலூர் ஆஸ்பத்திரியில் டிரைவரை மூன்று வாரம் வைத்திருந்தார்கள். கை பிழைத்தது, ஆனால் விரல்கள் மடங்காது என்றார் டாக்டர். அதற்குள்ளாகவே இன்ஸ்பெக்டர், டிரைவரிடம் கையெழுத்து வாங்கி ஸ்டேஷனில் வைத்திருந்த விதித்தாளின் இரண்டாம் பிரதியைத் தேடி எடுத்துவரச் சொன்னார். கையெழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்ததே, அதை நான் மறக்க மாட்டேன். “படிச்சுத்தானே போட்டிருக்கான். அப்புறம் நமக்கென்னய்யா?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தாள் வந்தது டிரைவரைக் காப்பாற்ற இல்லை. கையுறை வாங்க வக்கில்லாதவர்கள் காகிதம் அச்சடித்தார்கள். ஆளுக்குத் தீ பிடித்தால் யாரைக் கைகாட்டுவது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக் கொடுத்தவன் நான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் இதைச் சொன்னேன். டிரைவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவர் சம்சாரம் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தது. நிமிராமலே கேட்டது: “ரைட்டரய்யா, இவரு கைநாட்டாவே இருந்திருந்தா நீங்க படிச்சுச் சொல்லியிருப்பீங்கள்ல?”

ஆமாம் என்றேன்.

“அப்ப எழுதப் படிச்சதுதான் வூட்டுக்கு வந்த கேடு” என்றது. குரலை உயர்த்தவில்லை. டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனது. நான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன்.

விசாரணைக்கு வந்த டிப்டி சூப்ரண்டு கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மூடி தேய்ந்திருந்ததா என்று லாரியைப் போய்ப் பார்க்கவில்லை. கையுறை எங்கே என்று கேட்கவில்லை. விதித்தாளையும் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தலையாட்டினார், டிரைவரைக் கூப்பிடச் சொன்னார். வலது கையால் பேனா பிடிக்க முடியாது என்று கண்டதும், “சரி, ரேகை வைக்கச் சொல்லு” என்றார். நான் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். அப்போதுதான் டிரைவர், படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்ற அந்த வார்த்தையைச் சொன்னது. கைநாட்டு வைக்கிறவருக்குப் படித்துக் காட்ட வேண்டுமே.

“இதுல என்ன படிச்சுக் காட்டுறது? நடந்ததுதானே எழுதியிருக்கு” என்றார் இன்ஸ்பெக்டர்.

டிப்டி சூப்ரண்டு கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கம் வழக்கம்தான். “படி” என்றார் என்னிடம்.

நான் எழுந்து நின்று, நானே எழுதியதைத் தமிழாக்கி வாசித்தேன். “மூடியைத் திறக்குமுன் காத்திருக்க வேண்டும் என்ற ஏழாவது விதியை நான் முன்பே படித்து அறிந்திருந்தேன். அறிந்தும் என் சொந்த அஜாக்கிரதையால் சூட்டோடு திறந்தேன்.” இன்ஸ்பெக்டர் ‘போதும்’ என்பதுபோல விரலை அசைத்தார். நான் பார்க்காதவன்போல மேலே படித்தேன். “திறக்கும்படி எனக்கு யாரும் உத்தரவிடவில்லை. இதற்கு வேறு யாரும் பொறுப்பில்லை, நானே பொறுப்பு.” அதோடு தாள் முடிந்தது. வண்டியில் நானும் இருந்தேன், தெறடா என்றது என் காதில் விழுந்தது என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொண்டை வரை வந்தது. வீட்டில் நாலு வயிறு இருக்கிறது என்ற நினைப்பும் கூடவே வந்தது. தாளை மேசைமேல் வைத்துவிட்டு நின்றேன்.

டிரைவர் கடைசிச் சொல் வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஸ்பெக்டரை ஒருதரம் பார்த்தார். மைப்பெட்டி அவர் கைக்குப் பக்கத்தில் திறந்தே இருந்தது. அவர் இடது கையைத் தூக்கி, பெருவிரலை உள்ளே மடக்கி, மற்ற நாலு விரலையும் அதன்மேல் இறுக்கி மூடி, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.